மேலுமலை ஏற்றமும் ஒரு டீசல் குழாயும்

எங்கள் சின்ன வயதில் புதுச்சேரியில் டீசலுக்குக் 'காஸ்வால்' என்று பெயர். சொல்தா வீடுகளில் இன்றைக்கும் சில பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பின்னால் திறந்த தொட்டி வைத்த சின்ன லாரி 'கமியொனெத்'. இப்போது அதற்குப் பிக்கப் என்று பெயர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு டீசல் இன்ஜினின் நாலு அடியும் தமிழில் தெரிவதற்கு முன்பே அத்மிஸ்யோன், கொம்ப்ரெஸ்யோன், தெதாந்த், எஷாப்மான் என்று மனப்பாடம். அதை நடத்திய வாத்தியார் சைக்கிள் பம்பு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பத்து முறை அடிக்கச் சொன்னார். பம்பின் அடிப்பாகம் சுட்டது. "இதுதான் டீசல் இன்ஜின், இதற்கு மேல் ஒன்றும் இல்லை" என்றார். காற்றை நெருக்கினால் சூடேறும். போதுமான அளவுக்கு நெருக்கிவிட்டு அதில் எண்ணெயைப் பீச்சினால், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

அவர் சொன்னது பாதிதான். காற்றை நெருக்குவதில் பெரிய வித்தை இல்லை. அப்படி நெருக்கிய காற்றுக்குள் எண்ணெயை எப்படித் தள்ளுவது என்பதில்தான் கஷ்டமே இருக்கிறது. நூற்றிருபது வருஷமாக டீசல் இன்ஜினில் நடந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரியத்தைப் பற்றியவைதான். இதை நான் தெரிந்துகொண்டது எழுபது வயதுக்கு மேல், என் தங்கை மகனுடைய மீன் வண்டியால். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய கதை கொஞ்சம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் என் படிப்புக்கு மரியாதை இல்லை.

ருடால்ஃப் டீசல் ஜெர்மன்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். பெற்றோர் ஜெர்மன்காரர்கள்தான், ஆனால் அவர் 1858-ல் பிறந்தது பாரிஸில். 1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியருக்கும் சண்டை வந்தபோது குடும்பமே ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. படித்து முடித்து அவர் பாரிஸுக்கே திரும்பி வந்து பார்த்த வேலை என்ன தெரியுமா? ஐஸ் மெஷின். குளிர்பதன வேலையில் பேர் பெற்ற லிண்டே என்ற பேராசிரியரின் கம்பெனியில் ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரர்களுக்கு இரண்டு விதத்தில் வேண்டியவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய இன்ஜின் சரியாக ஓடியது. எண்ணெயில் இருக்கும் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் அதில் பாதியைத் தொடவே திணறின. ஆனால் அந்த இன்ஜினை எந்த வண்டியிலும் வைக்க முடியவில்லை. எண்ணெயை உள்ளே தள்ள அவர் கையாண்ட வழி, இன்ஜினுக்குள் இருக்கும் காற்றைவிட அதிகமாக நெருக்கிய காற்றை வேறொரு கம்ப்ரஸரில் தயாரித்து, அதை வைத்து எண்ணெயை ஊதிவிடுவது. அந்தக் கம்ப்ரஸரே ஒரு ஆள் உயரம் இருக்கும். கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் சரி, கமியொனெத்துக்கு எப்படி?

1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினை வைத்திருந்தார்கள். அது ஓடியது கடலை எண்ணெயில். பிரெஞ்சு அரசாங்கத்துக்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையை அங்கேயே எரிபொருளாக்கலாமா என்று ஒரு யோசனை இருந்ததாம். இன்ஜின் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியதால், வேறு எண்ணெய் ஊற்றியிருப்பதைப் பார்வையாளர்களில் பலர் கவனிக்கவே இல்லை என்று டீசலே பின்னாளில் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு நம் பழைய துறைமுகம்தான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் இங்கிருந்து மார்செய் நகரத்துக்குக் கப்பல் கப்பலாக நிலக்கடலைதான் போய்க்கொண்டிருந்தது, அங்கே எண்ணெய் ஆட்டவும் சோப்பு காய்ச்சவும். பாரிஸில் அந்த இன்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய் எந்த ஊர்க் கடலையோ, விட்டுவிடுவோம். 1913-ல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போன டீசல், இரவில் காணாமல் போய்விட்டார். சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. காரணம் பற்றிப் பல கதை உண்டு, நமக்கு வேண்டாம்.

கம்ப்ரஸரை ஒழித்துக்கட்டி, எண்ணெயை மட்டும் நேராக அழுத்திப் பீச்சும் சின்ன பம்பு வந்த பிறகுதான் டீசல் சாலைக்கு வந்தது. ராபர்ட் பாஷ் கம்பெனி 1927-ல் அப்படிப்பட்ட பம்புகளை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது. 1951-ல் பெங்களூரில் மைக்கோ ஆரம்பித்தார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது ஒரு கம்பெனிப் பெயராகவே தெரியாது. 'மைக்கோ பம்பு' என்றால் ஒரு பொருள், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பல வருஷம் வாகனப் பிரிவு என் மேஜையில்தான் இருந்தது. லாக் புக் பார்ப்பது, டீசல் இண்டென்ட் போடுவது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு எழுதுவது. எண்பதுகளில் எங்களுக்கு ஒரு ஜீப் வந்தது. இன்ஜினின் பெயர் எக்ஸ்.டி.பி. 4.90. டிரைவர் அதைப் 'பீஜோ இன்ஜின்' என்றார். பார்த்தால் நம் பூழோ! பிரான்ஸின் பூழோ கம்பெனியோடு மஹிந்திரா ஒப்பந்தம் செய்துகொண்டு இங்கே தயாரித்த இன்ஜின் அது. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், அதனால் 4.90. அதைச் சொன்னதும் டிரைவர் எனக்கு மெக்கானிக் வேலையே தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். எனக்குத் தெரிந்தது பெயர் மட்டும்.

ஆனால் அந்த டிரைவரிடம் நான் கற்றது அதிகம். ஒருமுறை மயிலம் பக்கம் டீசல் தீர்ந்து வண்டி நின்றது. யாரையோ அனுப்பி ஒரு கேன் வாங்கிவந்து ஊற்றினார். ஸ்டார்ட் ஆகவில்லை. "ஏர் புடிச்சிருக்கு சார்" என்றார். பில்டர் தலையில் ஒரு ஸ்குருவைத் தளர்த்திவிட்டு, கை பம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். முதலில் நுரை நுரையாக வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். ஸ்குருவை முடுக்கினார். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம். டீசல் வண்டிக்குக் காற்றும் தண்ணீரும் எதிரி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எண்ணெய் நெருங்காது, அழுத்தினால் அப்படியே முன்னால் போகும். நடுவில் ஒரு குமிழி இருந்தால் பம்பு அந்தக் குமிழியை நெருக்கிக்கொண்டே கிடக்கும்.

இனி என் மருமகன் கதை. தங்கை வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பையன் ஒருவன்தான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டுபோகிறான். சொந்தப் பிக்கப், கடன் வண்டி, மாதத் தவணை இன்னும் பாக்கி. சாயங்காலம் ஐஸ் போட்டு ஏற்றினால் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போய் விடியற்காலை மார்க்கெட் திறக்கும் நேரத்துக்கு இறக்க வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி தாண்டியதும் சூளகிரிக்கு முன்னால் மேலுமலை ஏற்றம். அங்கேதான் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது.

ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் எடுக்காது. டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். லாரிகள் பின்னால் ஹாரன் அடிக்க ஓரம் கட்டுவான். கால் மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். முதலில் மாதம் ஒரு தடவை, பிறகு வாரம் ஒரு தடவை. ஒருநாள் மூன்று தடவை நின்று, இறக்கும்போது மணி எட்டாகிவிட்டது. ஐஸ் கரைந்து சங்கரா மீன் கண் வெளுத்துப்போய், வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். அந்த மாதத் தவணைக்குத் தங்கை என்னிடம் வந்தாள். அது பரவாயில்லை. அடுத்த வாரம் வந்து கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "அண்ணா, செயினை வச்சிடலாமான்னு பாக்குறேன்" என்றாள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு செயின்தான்.

எதற்கு என்று கேட்டேன். ஒரு கராஜில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து 'ரெயில் பிரஷர் கம்மி' என்றார்களாம். நாலு இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்பு எல்லாம் மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சம். தங்கைக்கு மீன் வண்டியில் ரெயில் எங்கே வந்தது என்று குழப்பம். இன்னொரு இடத்தில் அதெல்லாம் வேண்டாம், ஒரு சின்னப் பெட்டியை வயரில் சேர்த்தால் பவர் கூடிவிடும், ஏற்றத்தில் பறக்கும் என்றார்கள். மருமகனுக்கு அந்தப் பெட்டி மேல் ஆசை வந்துவிட்டது. வயசு அப்படி.

ரெயில் என்பது இன்ஜின் மேல் படுத்திருக்கும் ஒரு தடித்த இரும்புக் குழாய். பழைய மைக்கோ பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக எண்ணெயை அழுத்தி அனுப்பும். நாசில் திறக்க 100-லிருந்து 250 பார் வரை அழுத்தம் போதும். இப்போதைய வண்டிகளில் பம்பின் வேலை அந்த ரெயிலை எப்போதும் அழுத்தத்தில் நிரப்பி வைப்பது மட்டும். எந்த இன்ஜெக்டர், எப்போது, எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு கார்களில் 1997-ல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோவில் முதலில் வந்தது. அழுத்தம் 1,600 பார் வரை போகும், புதியவற்றில் அதற்கும் மேல். கடலில் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் என்று வைத்தால், உலகிலேயே ஆழமான கடலின் அடியில்கூட இவ்வளவு கிடையாது. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் பையன்கள் யாராவது வண்டி வேலை செய்தால் சொல்லி வையுங்கள்: இன்ஜின் ஓடும்போது இந்தக் குழாய்களில் ஒழுக்கு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஊசி போல் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காரியம்.

இவ்வளவு அழுத்தத்துக்கு இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குளிர்வித்து, வழுவழுப்பாக்கி வைப்பதும் அந்த டீசலேதான். தனியாக ஆயில் கிடையாது. தண்ணீரோ துருவோ காற்றோ வந்தால் உராய்ந்து போகும்.

மருமகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ரெயில் பிரஷர் கம்மின்னுதானே சொல்லிச்சு, ஏன் கம்மின்னு சொல்லிச்சா?" என்றேன். ஆடிட் ஆட்சேபணை மாதிரிதான் இதுவும். கணக்கில் பணம் குறைகிறது என்று ஆடிட்டர் எழுதுவார். கேஷியர் எடுத்தாரா, வரவே வரவில்லையா என்பதை நாம்தான் தேட வேண்டும். பம்புக்கு டீசலே வந்து சேராவிட்டால் பம்பு எதை அழுத்தும்?

ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கொடுத்து, நான் ஆபீஸில் போட்டது போலவே கட்டம் போட்டுக் கொடுத்தேன். கிளம்பிய நேரம், எடை, டீசல் முள் எங்கே இருந்தது, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது. "என்ன மாமா, டிரைவருக்கு லாக் புக்கா" என்று சிரித்தான். ஆனால் எழுதினான். மூன்று வாரத்தில் ஒன்பது பயணம், ஐந்து தடவை நின்றிருக்கிறது. ஐந்திலும் டீசல் கால் டேங்குக்குக் கீழே. புதுச்சேரியில் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் இங்கே எல்லை தாண்டுவதற்குள் நிரப்பிக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம், இவனோ கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற மாதிரிதான் ஊற்றியிருக்கிறான். முழு டேங்கோடு போன நான்கு நாளும் மேலுமலையில் ஒரு முனகல்கூட இல்லை. இன்ஜெக்டர் கெட்டுப்போயிருந்தால் அதற்கு டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

வில்லியனூர் பக்கம் ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருஷமாகப் பம்பு, நாசில் வேலை மட்டும்தான். நோட்டைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். "சார், எவன் வண்டிக்கும் இப்படி யாரும் எழுதிக் கொண்டாந்தது கெடையாது" என்றார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

முதலில் இன்ஜெக்டரைத்தான் சோதித்தார். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாயைக் கழற்றி, நாலு சின்ன பாட்டிலில் விட்டார். இன்ஜின் சில நிமிஷம் ஓடியது. உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டர் இருந்தால் அதன் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். நாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றன. "இதுங்க மேல குத்தம் இல்ல" என்று பாட்டில்களைத் தள்ளி வைத்தார். ஒன்றரை லட்சம் அந்த இடத்தில் தப்பியது. தங்கைக்கு உடனே போன் போட வேண்டும் போலிருந்தது, முழுக்கப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்து, டேங்கிலிருந்து வரும் குழாய் நடுவில் ஒரு முழம் கண்ணாடி போன்ற தெளிவான டியூபைச் செருகினார். இன்ஜின் சும்மா ஓடும்போது ஒன்றிரண்டு குமிழி. வேகம் கூட்டியதும் சோடா உடைத்த மாதிரி சரம் சரமாக. இளநீரில் போடும் ஸ்ட்ராவில் ஒரு கீறல் இருந்தால் உறிஞ்சும்போது காற்றுதானே வரும், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாதே, அதே கதை. மருமகன் இத்தனை நாளும் வண்டிக்கு அடியில் டீசல் ஒழுகலையே என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு விடை அது.

வண்டியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் சங்கதி விளங்கியது. டேங்கிலிருந்து இன்ஜின் வரை சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாய் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. நேர் மேலே மீன் பெட்டிகள். ஐஸ் கரைந்து, மீன் ரத்தமும் கடல் உப்புமாக ராத்திரி முழுக்க அந்தக் குழாய் மேல்தான் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டேங்கை இறக்கிக் கவிழ்த்தார் பாய். அடியில் துருப் பொடி, தண்ணீர், அதற்கு மேல் கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு பாசி. டீசலும் தண்ணீரும் சேரும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளரும், அவற்றின் கழிவுதான் அந்தக் கொழகொழப்பு. உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் சல்லடை முக்கால்வாசி அடைந்திருந்தது. ஏற்றத்தில் இன்ஜின் அதிகம் கேட்கும்போது இந்தக் குப்பை சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, குப்பை தானே உதிர்ந்து அடியில் படியும். கால் மணி நேரத்தில் வண்டி குணமானதன் ரகசியம் அதுதான். டேங்க் நிறைந்திருந்தால் குப்பை பரவலாகக் கிடக்கும், உறிஞ்சவும் சுலபம்.

பழையபடி ஒரு இரும்புக் குழாயை மாட்டிவிட்டு வருவதா, இல்லை ஏற்பாட்டையே திருத்துவதா என்று ஒரு பேச்சு வந்தது. மருமகன் செம்புக் குழாய் போடலாம், துருப்பிடிக்காது என்றான். நல்ல யோசனை போலத்தான் எனக்கும் பட்டது. பாய் தலையாட்டவில்லை. செம்பு பட்டால் டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசின் பிடிக்குமாம், துத்தநாகம் பூசிய குழாயும் அப்படியே ஆகாது என்றார். பிறகு வீட்டில் புத்தகத்தில் பார்த்தேன், அவர் சொன்னது சரி. டீசலுக்கென்றே வரும் நைலான் குழாயைப் போட்டு, மேலே ஒரு உறையும் மாட்டி, மீன் தண்ணீர் சொட்டாத மறுபக்கமாகக் கொண்டுபோனார்.

அதன் பிறகு இரண்டு சேர்மானம். ஒன்று, டேங்குக்குப் பக்கத்தில் தண்ணீர் பிரிக்கும் ஒரு பில்டர், அடியில் கண்ணாடிக் கிண்ணத்தோடு. டீசலைவிடத் தண்ணீர் கனம், கிண்ணத்தில் கீழே இறங்கி நிற்கும், கண்ணாலேயே பார்க்கலாம், திருகைத் திறந்து வடித்துவிடலாம். வண்டியோடு வந்த மெல்லிய பில்டர் முன்னால் அப்படியே இருக்கிறது. முரட்டுக் குப்பை பின்னாலேயே நின்றுவிட்டால் அதற்கு ஆயுசு கூடும்.

இரண்டாவது, டேங்கை ஒட்டி ஒரு சின்ன மின்சார பம்பு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். முன்னால் இருக்கும் பம்பு பின்னாலிருந்து எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும், உண்மையில் டீசலைத் தள்ளிக்கொண்டு வருவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். அது ஒரு பார், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. சல்லடை, குழாய், பில்டர் எல்லாம் அதிலேயே பங்கு எடுத்துக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளினால் அந்த எல்லை இல்லை. குழாய்க்குள் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் இருப்பதால், பின்னால் எங்காவது கீறல் விழுந்தாலும் காற்று உள்ளே வராது, டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் தள்ளுகிறேன் என்று பலமான பம்பைப் போட்டால் முன்னால் இருக்கும் பம்பின் சீல் தாங்காது. மிதமானதாகப் பார்த்துத்தான் பாய் வாங்கினார். ரிலே வைத்து, இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி வயர் செய்தார். வண்டி எங்காவது மோதிக் கிடக்கும்போது பம்பு மட்டும் டீசலைத் தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா.

பவர் பெட்டியைப் பற்றி மருமகன் மறுபடி கேட்டான். அதற்கு நான் குமாஸ்தா பாஷையில் பதில் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. குழாயும் பில்டரும் அதில் எழுதியிருப்பவை அல்ல, இன்ஜினின் சக்தி வேறு விஷயம். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான். பாய் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "சோறு வராத வீட்ல எலைய பெருசாப் போட்டா ஆச்சா?"

எல்லாம் சேர்த்து, கூலியோடு இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். இதில் ஒரு செலவு வண்டிக் கணக்கிலேயே சேராது: மீன் பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு, அதிலிருந்து கரைந்த தண்ணீரை வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய்விடும் ஒரு ரப்பர் குழாய். தொள்ளாயிரம் ரூபாய். எனக்கென்னவோ, செய்த வேலைகளில் அதுதான் முதல் என்று படுகிறது. செயின் தங்கை கழுத்திலேயே இருக்கிறது. பணத்தை எப்படிப் புரட்டினோம் என்பது வீட்டு விஷயம்.

முதல் பயணத்துக்கு வேண்டுமென்றே கால் டேங்க் மட்டத்தில் மேலுமலை வரும்படி ஊற்றிக்கொண்டு போகச் சொன்னார் பாய். கைக்கு இன்னொரு கேன் டீசலும் கொடுத்து அனுப்பினோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, தங்கையும் விழித்திருந்தாள் என்று பிறகு சொன்னாள். இரண்டரை மணி இருக்கும், போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம். "மாமா, சூளகிரி தாண்டிட்டேன். மூணாவது கியர்லயே ஏறிச்சு." அவ்வளவுதான் பேசினான், வைத்துவிட்டான். வண்டி ஓட்டும்போது பேசாதே என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள்.

பத்து நாள் கழித்து மறுபடி ஒரு சிக்கல். காலையில் ஸ்டார்ட் செய்ய நேரம் ஆனது. மறுபடியும் கம்ப்யூட்டர் கராஜுக்குப் போகாமல் நேராக வண்டிக்கு அடியில் பார்த்திருக்கிறான். புதுப் பில்டருக்குப் போகும் இணைப்பில் கிளாம்ப் தளர்ந்து, டீசல் ஈரமாகத் தெரிந்ததாம். ஸ்குரூடிரைவரால் இரண்டு சுற்று முடுக்கினான், சரியாகிவிட்டது.

நோட்டு இன்னும் ஓடுகிறது. இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது, நான் போட்டுக் கொடுத்தது அல்ல, அவனே கோடு கிழித்தது: 'கிண்ணத்தில் தண்ணி'. மழைக்காலத்து வாரங்களில் இரண்டு ஸ்பூன், மூன்று ஸ்பூன் என்று எழுதியிருக்கிறான். ஒரு பங்க்கில் நிரப்பிய மறுநாள் மட்டும் அரை டம்ளர் என்று இருந்தது. அந்தப் பங்க்கின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறான், அதற்கப்புறம் அந்தப் பெயர் நோட்டில் எங்கும் வரவில்லை.